ஆயாவின் பொடியும் அட்ரினல் சுரப்பியும்



இன்ஸ்ட்ருமெண்டேஷன் படிப்பவனுக்கு உடம்பைப் பற்றி எழுத என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாலாவது செமஸ்டரில் இரண்டு அரியர் வைத்தவன் என்பது ஒரு தகுதி. இன்னொன்று, பாகூரில் இருக்கும் என் ஆயா. அவர் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

வைவா அன்று லேப் வாசலில் நிற்கும்போது நமக்கு என்ன ஆகிறது? நெஞ்சு படபடக்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. வாய் உலர்ந்து போகிறது. முந்தின ராத்திரி உருப்போட்ட டெஃபனிஷன் எல்லாம் எங்கோ பறந்துவிடுகிறது. இதற்கெல்லாம் காரணம் இரண்டு சின்னஞ்சிறு சுரப்பிகள். சிறுநீரகம் ஒவ்வொன்றின் தலையிலும் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள்தான் அவை. ஒன்றின் எடை நான்கைந்து கிராம், அவ்வளவுதான்! அதன் உட்பகுதி அட்ரினலினை நொடிகளில் கொட்டிவிடும். படபடப்பு அதனால் வருவது. வெளிப்பகுதி கொஞ்சம் நிதானமானது. சில நிமிடங்கள் கழித்து கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அனுப்பும். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி உடம்புக்குச் சக்தி கொடுப்பதும், வீக்கத்தையும் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கி வைப்பதும் இதன் வேலை.

இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் ஹான்ஸ் செல்யே. வியன்னாவில் பிறந்து கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆராய்ச்சி செய்தவர். எலிகளுக்கு எந்தத் தொல்லை கொடுத்தாலும், குளிரில் வைத்தாலும் சரி, விஷ மருந்தை ஊசியில் ஏற்றினாலும் சரி, விளைவு ஒரே மாதிரி இருப்பதைக் கண்டார். அட்ரினல் பெருத்துவிடும், தைமஸ் சுருங்கிவிடும், வயிற்றில் புண் வந்துவிடும். 1936இல் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டார். பரீட்சை நேரத்தில் வயிற்றெரிச்சல் என்று மாத்திரை தேடும் நம் ஹாஸ்டல் நண்பர்களை நினைத்தால் எனக்கு அந்த எலிகள்தான் ஞாபகம் வருகின்றன.

இனி நம் பாடத்துக்கு வருவோம். மூளையின் அடியில் உள்ள ஹைபோதலாமஸ், பிட்யூட்டரிக்கு உத்தரவு போடுகிறது. பிட்யூட்டரி அட்ரினலுக்கு உத்தரவு போடுகிறது. அட்ரினல் கார்ட்டிசாலைச் சுரக்கிறது. அளவு ஏறியதும் அந்தக் கார்ட்டிசாலே மேலே போய், "போதும், நிறுத்து" என்று சொல்கிறது. கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் புத்தகத்தில் படிக்கிறோமே, அதே நெகட்டிவ் ஃபீட்பேக்! செட் பாயின்ட் மட்டும் நேரத்துக்கு நேரம் மாறும். விடியற்காலையில் உச்சம், நள்ளிரவில் அடிமட்டம். ராத்திரி ரெண்டு மணி வரை டீ குடித்துக் கண் விழிப்பவன் இந்தக் கடிகாரத்தோடு மல்லுக்கட்டுகிறான்.

நானும் மல்லுக்கட்டினேன். தூக்கம் போனது, எரிச்சல் வந்தது. வில்லியனூரில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெரியவர் முகத்தைப் பார்த்ததுமே, "பரீட்சையா தம்பி? அமுக்கரா சூரணம் பால்ல கலந்து குடி. ஆனா தூங்காம முழிச்சிக்கிட்டு இருந்தா அமுக்கரா என்னா பண்ணும்?" என்றார்.

அமுக்கரா என்பதுதான் வடமொழியில் அசுவகந்தா. கத்தரிக்காய்க் குடும்பத்துச் செடி, வேர்தான் மருந்து. பானையில் பாலை ஊற்றி, வாயில் துணி கட்டி, அதன்மேல் வேர்ப்பொடியை வைத்து ஆவியில் அவித்துக் காயவைப்பது சித்த மருத்துவத்தில் சுத்தி செய்யும் முறை. சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கிராம்பு, சிறுநாகப்பூ, சர்க்கரை இவற்றோடு சேர்த்தால் அமுக்கரா சூரணம்.

வெறும் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கவும் முடியாது. 2012இல் இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், மன அழுத்தம் உள்ள 64 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அமுக்கரா வேர்ச்சத்து 300 மில்லிகிராம் தினம் இரண்டு வேளையும், மறு பிரிவுக்கு வெற்று மருந்தும் 60 நாள் கொடுத்தார்கள். வேர்ச்சத்து சாப்பிட்டவர்களுக்கு ரத்தத்தில் கார்ட்டிசால் சுமார் 28 சதவீதம் குறைந்தது, மற்றவர்களுக்கு 8 சதவீதம்தான். ஆனால் 64 பேர் என்பது சின்னக் கூட்டம். மறுபக்கமும் உண்டு. இதைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்து மஞ்சள் காமாலை வந்த ஐந்து பேரைப் பற்றி 2020இல் ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். கர்ப்பிணிகளும் தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களும் தாங்களாக எடுக்கக்கூடாது.

நான் ஒரு மாதம் சாப்பிட்டேன். தூக்கம் வந்தது. சூரணத்தாலா, பதினோரு மணி டீயை விட்டதாலா என்று கேட்டால், டீக்குத்தான் என் ஓட்டு.

இப்போது ஆயா கதை. பாகூர் நெல் விளையும் ஊர். ஆயாவுக்கு நடவு நட்டே முழங்கால் தேய்ந்துவிட்டது. சைக்கிளில் வந்த ஒருவரிடம் மூட்டுவலிப் பொடி வாங்கினார். "சுத்தமான மூலிகைம்மா" என்றாராம். பொட்டலத்தில் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. மூன்றாம் நாளே ஆயா எழுந்து வயலுக்குப் போனார்! மாதங்கள் போகப் போக முகம் உருண்டு பளபளத்தது. "ஆயா நல்லா தேறிட்டாங்க" என்று நாங்களே சந்தோஷப்பட்டோம். சர்க்கரை நோய் வந்தது. வயசாச்சு என்று விட்டுவிட்டோம். லேசாக இடித்தாலும் தோல் கன்றிப்போனது. அதையும் விட்டுவிட்டோம்.

திடீரென்று பொடிக்காரர் வருவது நின்றது. பொடி தீர்ந்த ஒரு வாரத்தில் ஆயாவுக்கு வாந்தி, மயக்கம். எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்த அழுத்தம் அதலபாதாளத்தில் இருந்தது. டாக்டர் ஆயாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "பொடி கிடி ஏதாவது சாப்பிட்டாங்களா?"

அந்தப் பொடியில் இருந்தது ஸ்டீராய்டு என்றார் டாக்டர். அதாவது கார்ட்டிசாலின் உறவுக்காரன், அதைவிடப் பல மடங்கு வீரியமுள்ளவன். 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹென்ச் என்ற மருத்துவர், மூட்டுவாதத்தில் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட, சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்சுக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆயா மூன்றாம் நாள் நடந்ததும் அதே அதிசயம்தான். ஆனால் அளவு தெரியாமல், கணக்குத் தெரியாமல்.

ஏன் மயங்கி விழுந்தார்? ஹீட்டர் வைத்த ஒரு தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். யாரோ தினமும் வெளியிலிருந்து வெந்நீர் ஊற்றினால், சென்சார் "சூடு போதும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கண்ட்ரோலர் ஹீட்டரைப் போடவே போடாது. மாதக்கணக்கில் சும்மா கிடந்த ஹீட்டர் துருப்பிடித்துவிடும். ஒருநாள் வெந்நீர் நின்றால்? ஆயாவின் அட்ரினல் அப்படித்தான் தூங்கிச் சுருங்கிப் போயிருந்தது. சலைன் பாட்டிலும் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் ஏற்றித்தான் காப்பாற்றினார்கள்.

ஸ்டீராய்டையே திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்துமாவுக்கும் இன்னும் பலதுக்கும் டாக்டர் கணக்குப் பார்த்துக் கொடுக்கும்போது அது உயிர் காக்கும் மருந்து. மூலிகை வேஷத்தில் வருவதுதான் ஆபத்து. மூலிகை மெதுவாக வேலை செய்யும். மூன்று நாளில் மூட்டுவலி பறந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். டப்பாவில் லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், சேர்மானப் பட்டியல், தயாரித்த தேதி இருக்கிறதா பாருங்கள். இதெல்லாம் சட்டப்படி இருந்தே ஆகவேண்டும். உங்கள் வீட்டில் யாராவது பெயரில்லாத பொடியை மாதக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், கோபத்தில் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவதுதான் உயிருக்கு ஆபத்து. அந்தப் பொட்டலத்தோடு அவர்களை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அட்ரினலை எழுப்ப மாதங்கள் ஆகலாம்.

ஆயாவுக்கு இப்போது அப்படித்தான் நடக்கிறது. காலையில் மாத்திரை போட்டதும் காலண்டரில் பென்சிலால் ஒரு கோடு. முகம் பழையபடி ஒட்டிவிட்டது. மூட்டுவலியும் பழையபடி வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "ஏண்டா, அந்தப் பொடி நல்லாத்தானேடா இருந்துச்சி?"