புகைக்குழாயை எங்கே குளிர்விப்பது?

ரிமோட்டில் ஓடும் பெட்ரோல் மாதிரிப் படகில், சுற்றிலும் தண்ணீர் இருந்தும் எஞ்சின் இருப்பது காற்றோட்டமில்லாத கூட்டுக்குள். தகிக்கும் புகைக்குழாய்க்குப் பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க், ரிசீவர், பேட்டரி. சாதாரண எப்பாக்சி பசையோ 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். அதனால், படகின் வேகமே சுக்கானருகே உள்ள துளைக்குள் தள்ளும் தண்ணீரை எஞ்சினைச் சுற்றியும் குழாயின் வெளியுறைக்குள்ளும் ஓடவிட்டு, பக்கவாட்டில் வெளியேற்றுகிறார்கள். மிக எளிய, அழகான ஏற்பாடு இது.

அப்படியென்றால் குழாய்க்குள்ளேயே தண்ணீரைப் பாய்ச்சினால் என்ன? சத்தமும் குறையுமே என்பார்கள். குறையும்தான். ஆனால் டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் புகைக்குழாய் வெறும் போக்கு வழியல்ல. வெளியேறும் அழுத்த அலையைத் திருப்பியனுப்பி, நழுவும் புதிய எரிபொருள் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுவது அதுதான். அந்த அலை சரியான நொடியில் திரும்ப வேண்டும். அது ஓடுவது ஒலியின் வேகத்தில்; சூடு கூடினால் அந்த வேகமும் கூடும். காற்றில் ஒலி 20 டிகிரியில் விநாடிக்கு 343 மீட்டர் ஓடும். 400 டிகிரியில் சுமார் 520 மீட்டர். வாயுவைக் குளிர்வித்தால் அலை தாமதிக்கும், உச்ச வேகத்தில் சக்தி குறையும். குழாயைச் சற்றுக் குட்டையாக்கி ஈடுகட்டலாம். ஆனால் தண்ணீரின் அளவு படகின் வேகத்தோடு மாறுவதால் அந்தக் கணக்கு எல்லா வேகத்துக்கும் பொருந்தாது. ஆகவே வெளிச்சுவரைக் குளிர்வியுங்கள், வாயுவைச் சூடாகவே விடுங்கள். பக்கவாட்டில் பீறிடும் தண்ணீர் நின்றுவிட்டால் மட்டும் படகை உடனே கரைக்குத் திருப்பிவிடுங்கள்.