சாக்ஸுக்குள்ள ஒரு எரிச்சல்

டொராண்டோ பனிக்காலத்தில் ஒரு குழந்தையைக் கிளப்பி வெளியே கூட்டிப்போன அனுபவம் உண்டா உங்களுக்கு? பனி பேன்ட், பூட்ஸ், குல்லா, கையுறை... உஸ்ஸ்!

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு அக்கா மகளை (5 வயசு, எனக்கு மருமகள் முறை!) அன்னிக்கு ஸ்கூல்ல விடும் பொறுப்பு என்னோடது. எல்லாம் மாட்டி முடிச்சதும், சாக்ஸ் தையல் விரல்ல உறுத்துதுன்னு பூட்ஸைக் கழட்டி வீசினாள். மூணாவது தடவை. எனக்கோ ப்ரொபசரைப் பார்க்க நேரமாச்சு. "சும்மா இருக்க மாட்டியா?"ன்னு கத்திட்டேன்.

அழலை. மெதுவா, "மாமா, ஆர் யூ மேட்? என்னைப் புடிக்கலையா?" என்றாள்.

நங்குன்னு மண்டையில் குட்டின மாதிரி இருந்தது.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஹேப்பி, சேட், மேட், ஸ்கேர்ட். அவளைச் சொல்லி என்ன? 2015ல் வந்த 'இன்சைட் அவுட்' படத்தில் மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், அருவருப்பு என்று ஐந்து பேர். 2024ல் இரண்டாம் பாகத்தில் இன்னும் நாலு பேரைச் சேர்த்தார்கள். அதிலும் எரிச்சலுக்கு சீட் இல்லை!

தரையில் உட்கார்ந்தேன். "ஷாம்பு கண்ணுல பட்டா எப்படி இருக்கும்?"

"எரியும்."

"அப்ப கண்ணைப் புடிக்காமப் போயிடுமா?"

சிரித்தாள். "இல்ல, தண்ணி ஊத்தினா போயிடும்."

"அந்த மாதிரிதான் எனக்கு இப்ப உள்ள எரிஞ்சுது. லேட்டாச்சுல்ல, அதான். உன்னைப் புடிக்காம இல்ல. கத்தினது என் தப்பு."

யோசிச்சுப் பார்த்தா, எரிச்சல், கடுப்பு ரெண்டுமே நமக்கு உடம்பு உபாதைக்கும் மனசுக்கும் பொது. குழந்தைக்குத் தொட்டுக் காட்டலாம். இங்கிலீஷிலும் இரிட்டேஷன் இருக்கு, ஆனா 5 வயசுக்கு அதை யார் சொல்லித்தர்றாங்க?

2007ல் மேத்யூ லீபர்மன் குழுவின் ஆய்வு ஒன்று. கோபமுகம், பயந்தமுகப் படங்களைப் பார்த்து அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, மூளையின் அமிக்டலாவில் பரபரப்பு குறைந்ததாம். கலந்துகொண்டவர்கள் பெரியவர்கள்தான். தவிர, பெயர் வைத்தால் தையல் உறுத்தாமல் போகுமா என்ன? சாக்ஸை உள்வெளியாத் திருப்பி மாட்டினோம். தையல் வெளியே போச்சு, பிரச்சினை தீர்ந்தது.

ப்ரொபசரிடம் பத்து நிமிஷம் லேட். அவருக்கும் எரிந்திருக்கும்.

ராத்திரி தீசிஸ் தட்டிக்கிட்டிருந்தேன். கதவோரம் ஒரு தலை. "மாமா, அந்த டக் டக் எனக்கு எரியுது. பட் ஐ லைக் யூ."

லேப்டாப்பை மூடிட்டேன் :-)