பெர்லினுக்குப் போன தாழிகள்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் பேருந்தில் செய்துங்கநல்லூர், கருங்குளம் தாண்டிப் போகும்போது வயலும் வாழையுமாகக் கூடவே வந்த பச்சை சட்டென்று நின்றுபோகும். செம்மண்ணும் வெள்ளைக்கல்லுமாக ஒரு மேடு தொடங்கும். அதுதான் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு. பரப்பளவு 114 ஏக்கர். உழுதால் கொழு உடையும், நெல் விளையாது. தாமிரபரணிக் கரையில் வாழ்ந்த முன்னோர் விளைநிலத்தை இருப்பவர்களுக்கு விட்டுவிட்டு, இறந்தவர்களுக்கு இந்தக் கல்லாங்காட்டை ஒதுக்கினார்கள். பாறையைக் குடைந்து குழியாக்கி அதற்குள் தாழியை இறக்கினார்கள். இரும்புக் கருவியும் உடல் உழைப்புமாக ஒவ்வொரு குழியும் எத்தனை நாள் வேலையாக இருந்திருக்கும் என்று நினைக்கும்போதே அவர்கள் மேல் மரியாதை வருகிறது.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நம் பக்கத்து ஜனங்கள் இந்தத் தாழிகளைப் பற்றி ஒரு கதை வைத்திருந்தார்கள். அந்தக் காலத்து மனிதர்களுக்குச் சாவே வராதாம். வயது ஏற ஏற உடல் சுருங்கிக்கொண்டே போகுமாம். கடைசியில் விளக்கு மாடத்தில் உட்கார்த்தி வைக்கும் அளவுக்கு ஆனதும், சோறும் தண்ணீரும் வைத்துத் தாழிக்குள் இறக்கிவிடுவார்களாம். திருநெல்வேலிச் சீமை முழுக்க வழங்கிய இந்தக் கதையை இடையன்குடியில் இருந்த பாதிரியார் கால்டுவெல் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். மதமதக்கத் தாழி என்று ஊரில் சொன்ன பேரும் அவர் குறிப்பில் இருக்கிறது.

அதே காலத்தில், 1876-இல், பெர்லினிலிருந்து டாக்டர் ஜாகோர் வந்தார். பரம்பைத் தோண்டினார். கிடைத்த பானைகளையும் இரும்பு ஆயுதங்களையும் மண்டையோடுகளையும் கப்பலேற்றிக் கொண்டுபோனார். ஏன் என்று கேட்க ஆளில்லை. பிறகு 1903-04 வாக்கில் பாரிசிலிருந்து லூயி லாப்பிக் வந்து அவர் பங்குக்குக் கொஞ்சம் கொண்டுபோனார்.

தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ அப்படிப்பட்டவர் இல்லை. 1899 தொடங்கி 1905 வரை முறையாகத் தோண்டி, எதையும் விடாமல் குறித்து, 1915-இல் பட்டியலாக வெளியிட்டார். பொன் நெற்றிப்பட்டங்கள், வாள், ஈட்டி, மண்வெட்டி, எருமையும் மானும் சேவலும் மேலே நிற்கும் வெண்கல மூடிகள் எல்லாம் அதில் இருக்கின்றன. அந்த எருமையின் கொம்பு வளைவைப் பார்த்தால், வார்த்தவன் எருமையோடு பழகியவன் என்று தெரியும். ஆனால் ரீ எடுத்தவையும் ஊரில் தங்கவில்லை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. பரம்பில் மிஞ்சியது குழிதான்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய நூறு ஆண்டு பெரிய அகழாய்வு எதுவும் நடக்கவில்லை. 2004-05-இல் இந்தியத் தொல்லியல் துறையின் சத்தியமூர்த்தி தோண்டியபோது நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அறிக்கை மட்டும் வரவில்லை. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளி முடித்துப் போகும் வரை வரவில்லை. எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வழக்குப் போட்டார். அந்த விசாரணையின்போதுதான், 2019-இல், இங்கு எடுத்த மாதிரிகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்று வெளியே வந்தது. தாழிக்குப் பயந்து கதை சொன்ன மண்ணில், அதன் வயதைச் சொல்லுங்கள் என்று ஒருவர் நீதிமன்றப் படியேறினார். இந்த நூற்றைம்பது ஆண்டில் நடந்த மாற்றங்களில் எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

மத்திய அரசின் 2020 பட்ஜெட்டில் ஆதிச்சநல்லூரில் தள அருங்காட்சியகம் அறிவித்தார்கள். 2021 அக்டோபரில் அகழாய்வு மறுபடி தொடங்கியது. அடுத்த ஆண்டே பொன் நெற்றிப்பட்டம் ஒன்று கிடைத்தது. 2023 ஆகஸ்டில், தோண்டிய குழியைத் தோண்டியபடியே விட்டு, மேலே கண்ணாடி போட்டுத் திறந்துவிட்டார்கள். அதன் மேல் நின்று குனிந்தால், காலுக்குக் கீழே வெள்ளைப் பாறையில் வெட்டிய குழி தெரிகிறது. அதில் செந்நிறத் தாழி, விளிம்பு உடைந்து, மண் அடைத்துக் கிடக்கிறது. பக்கத்தில் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான சிறு கலயங்கள். வைத்தவர்கள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் சீட்டு ஒட்டி வைத்த பானை எதுவும் இதைச் சொல்லித் தராது.

எதைப் புதையல் என்கிறோம் என்பதும் மாறியிருக்கிறது. ரீயின் தாழிகளிலும் நெல் உமி கிடந்தது, அவரும் எழுதி வைத்தார். ஆனால் உமியிடம் வயது கேட்கும் வழி அன்று கிடையாது. கரிமக் கணிப்பு 1940-களின் கடைசியில்தான் வந்தது. ஆற்றுக்கு வடக்கே சிவகளையில் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியபோது தாழிக்குள் கிடைத்த நெல்லைக் கரிமக் கணிப்புக்காக அமெரிக்காவின் மயாமியில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கி.மு. 1155 என்று பதில் வந்தது. 2021 செப்டம்பரில் முதலமைச்சர் அதைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். இறந்தவருக்கென்று யாரோ ஒரு கை நெல் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். தங்கத்தைவிட அதுதான் இந்தப் பள்ளத்தாக்கின் வயதைச் சொன்னது. நெல்லும் கடல் தாண்டித்தான் போனது. ஆனால் இந்த முறை பதில் ஊருக்கு வந்து சேர்ந்தது.

ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை மூன்றின் கதையையும் சொல்லத் திருநெல்வேலி ரெட்டியார்பட்டியில், தாமிரபரணியின் பழம்பெயரைத் தாங்கிய பொருநை அருங்காட்சியகமும் எழுந்திருக்கிறது. ரீ எடுத்த நெற்றிப்பட்டங்களில் ஒன்றிரண்டாவது, அந்த எருமை மூடியில் ஒன்றாவது, எழும்பூரிலிருந்து ஆற்றங்கரைக்குத் திரும்ப வேண்டும். பெர்லினில் இருப்பவற்றை உடனே கேட்டு வாங்க முடியாமல் போகலாம். அவற்றின் படங்களையும் பட்டியலையும் வாங்கித் தமிழில் போடலாமே. அந்தப் பட்டியலை முதலில் வைக்க வேண்டிய இடம் ஆதிச்சநல்லூர்ப் பள்ளிக்கூடம்.