காவடிக்கு உறுமி, தொட்டிலுக்குத் தாலாட்டு, காது மட்டும் ஒன்றுதான்



சென்ற இதழில் இனிப்புநீர்க்காரர்கள் பாதத்தை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தேன். இந்த முறை காது. காது என்றதும் சீழ், குத்தல், எறும்பு புகுந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நாம் கேட்கிற பாட்டைப் பற்றியும், அதை எவ்வளவு சத்தமாக வைக்கிறோம் என்பதைப் பற்றியும்தான் பேச்சு. "பாட்டு கேட்கிறதுக்கும் மருந்துக்கும் என்னங்கய்யா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது.

தைப்பூசத்துக்கு இந்த முறை சிங்கப்பூர் போயிருந்தேன். என் அக்காள் மகன் அங்கே ஒரு கப்பல் பட்டறையில் வேலை செய்கிறான். அவனுடைய கூட்டாளி காவடி எடுத்தார். நமக்கு ஜொகூரில் அன்று விடுமுறை. அங்கே 1968 முதல் தைப்பூசம் பொது விடுமுறை இல்லை. லீவு போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் புறப்பட்டு டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரைக்கும் நடை. மூன்று நான்கு கிலோமீட்டர்தான். ஆனால் தோளில் பாரமும், உடம்பில் அலகும், வெறுங்காலுக்குக் கீழே தார் ரோடுமாக நடந்து பார்த்தவனுக்குத்தான் அந்தத் தூரம் தெரியும்.

அந்த ஊர்வலத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1973இல் அங்கே காவடி ஊர்வலத்தில் வாத்தியம் வாசிக்கக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. போட்டிக் குழுக்களுக்குள் சண்டை வந்து ஊர்வலம் தடைப்பட்டது என்பது சொல்லப்பட்ட காரணம். 2016இல்தான் வழியில் 3 இடங்களில் நேரடியாக வாசிக்க அனுமதி கிடைத்தது. பிறகு இடங்கள் கூடின. அது சரியா தவறா என்று வழக்காட நான் வரவில்லை. நான் மருந்துக்காரன். என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

பாதி வழியில் நம் கூட்டாளிக்குக் கால் தளர்ந்துவிட்டது. முகம் வெளுத்து, அடி எடுத்து வைக்க முடியாமல் நின்றார். உறுமி மேளம் முழங்கும் ஓர் இடத்துக்கு எப்படியோ வந்து சேர்ந்தோம். உறுமியின் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது ஒரு முனகல் வரும், கேட்டிருப்பீர்கள். அது கிளம்பியதுதான் தாமதம், மனிதர் ஆட ஆரம்பித்துவிட்டார். சரி, இது சத்தத்தின் வேலை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த இடத்தைத் தாண்டி வந்த பிறகு எங்கள் கூட்டத்தில் வெறும் கைத்தட்டலும் 'வேல் வேல்' என்ற குரலும்தான். அப்போதும் அவர் நடை தளரவில்லை. தட்டுக்குத் தட்டு அடி விழுந்தது. அவருக்கு வேண்டியிருந்தது தாளம். சத்தம் கொஞ்சம் குறைந்தும் கால் நிற்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

நம் தோட்டத்திலும் இந்தப் பாகுபாடு யாரும் சொல்லிக் கொடுக்காமலே இருக்கிறது. விடியற்காலையில் பால் மரத்தடியில் வாய்க்குள்ளேயே ஒரு முணுமுணுப்பு. கல்யாண வீட்டில் லயமே அதிரும்படி ஸ்பீக்கர். சாவு வீட்டில் தப்பு. பிள்ளையைத் தூங்கவைக்க யாரும் உறுமி அடிப்பதில்லை. எழுத்து வாசனை இல்லாத பாட்டிகூடத் தாலாட்டைத் தணிந்த குரலில், மெதுவாகத்தான் பாடுகிறாள்.

ஏன் இப்படி? கோபமோ, ஆனந்தமோ, கடும் வேலையோ வந்தால் உடம்பில் அட்ரினலின் என்ற நீர் ஊறுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 70, 80 தடவை துடித்த இருதயம் 120க்குப் போகிறது. அந்த நேரத்தில் மெதுவான பாட்டு போட்டால் எரிச்சல்தான் வரும். உடம்பு தன் வேகத்துக்கு ஒத்த பாட்டைத் தேடும். லண்டனில் புரூனல் பல்கலைக்கழகத்தில் கோஸ்டாஸ் கராகியார்கிஸ் என்ற பேராசிரியர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். உடற்பயிற்சிக்கு நிமிடத்துக்கு 120இலிருந்து 140 தட்டு வரை உள்ள பாட்டு நன்றாக ஒத்துவருகிறது என்றும், மிதமான வேலையில் பாட்டு இருந்தால் களைப்பு குறைவாகத் தெரிகிறது என்றும் கண்டார்கள். ஆனால் வேலை மூச்சு முட்டும் அளவுக்குப் போய்விட்டால் பாட்டால் பெரிய பயன் இல்லை. அப்போது உடம்பு கத்துவதுதான் முன்னால் கேட்கும்.

இன்னொன்று. காதுக்குள் கேட்கும் உறுப்புக்குப் பக்கத்திலேயே, நாம் தலைசுற்றி விழாமல் நிற்கச் செய்கிற உறுப்பும் இருக்கிறது. பெரிய சத்தம், அதிலும் மேளம் போன்ற தடித்த சத்தம், அதையும் தட்டி எழுப்புகிறது என்று ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள். ஊஞ்சலில் ஆடுகிற சுகம் மாதிரி ஒரு சுகம். வாலிபப் பிள்ளைகள் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போய் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அவர்களைத் திட்டிப் பயனில்லை.

இனி அக்காள் மகன் கதைக்கு வருகிறேன். ஊர்வலம் முடிந்து தேக்கா பக்கம் ஒரு கடையில் இலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். அவன் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டான். தண்ணீர் ஜாடியை நகர்த்தச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டேன், திரும்பவில்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் எனக்கே அவன் பாட்டு கேட்கிறது! தோளைத் தட்டி, "ஏண்டா, இவ்வளவு சத்தமா?" என்றேன். அவன் சொன்னான்: "முன்னெல்லாம் பாதி வெச்சாப் போதும் மாமா. இப்ப முழுசா வெச்சாத்தான் பாட்டு பாட்டா இருக்கு."

தோழர்களே, அந்த ஒரு வார்த்தையில் நோய் முழுவதும் இருக்கிறது.

பட்டறையில் இரும்பு அரைக்கிற சத்தம். காது அடைப்பான் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பாட்டு இல்லாமல் பொழுது போகவில்லை என்று, மேற்பார்வையாளர் இல்லாத நேரத்தில் ஒரு பக்கத்து அடைப்பானைக் கழற்றிவிட்டு இயர்போனைச் செருகிக்கொள்கிறான். மெஷின் சத்தத்தை மீறிப் பாட்டு கேட்க வேண்டும் என்றால் அதைவிடச் சத்தமாக வைக்க வேண்டும். ஆக, மெஷினும் பாட்டும் இரண்டும் காதில் விழுகிறது. வேலை முடிந்து வெளியே வரும்போது காது மரத்துப்போயிருக்கும். பஸ்ஸில் பாட்டு சின்னதாகக் கேட்கும், இன்னும் கூட்டுவான். நம் தோட்டத்தில் புல் வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு இதே காரியத்தைச் செய்கிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை.

காதுக்குள்ளே நத்தை ஓடு மாதிரி ஓர் அறை. அதில் ஏறக்குறைய 15,000 நுண்ணிய முடி அணுக்கள் சத்தத்துக்கு அசைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. லாலான் புல்லை ஒரு தடவை மிதித்தால் சாய்ந்து, மறுநாள் நிமிரும். தினமும் அதே இடத்தில் மிதித்தால்? பாதை விழுந்துவிடும், பிறகு புல் இல்லை. திருவிழா முடிந்து வீட்டுக்குப் போனதும் காதில் 'கொய்ங்' என்று கேட்பது, பஞ்சு வைத்த மாதிரி இருப்பது, இதெல்லாம் புல் சாய்ந்த அடையாளம். மனிதனுக்கு இந்த முடி அணுக்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. அதற்கு மாத்திரையும் இல்லை, எண்ணெயும் இல்லை. காதில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு என்னிடம் வராதீர்கள்.

சத்தத்தை டெசிபல் என்ற கணக்கால் அளக்கிறார்கள். 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரைக்கும்தான். இதில் ஒரு தந்திரம் இருக்கிறது, கவனியுங்கள். 3 டெசிபல் கூடினால் சத்தத்தின் பலம் இரண்டு மடங்கு. ஆகவே 88க்கு 4 மணி நேரம், 91க்கு 2 மணி நேரம், 94க்கு 1 மணி நேரம். 100 டெசிபலுக்குப் போனால் 15 நிமிடம்தான். புல் வெட்டும் மெஷின் 100ஐ நெருங்கும். கருவி இல்லாமல் கண்டுபிடிக்க வழி: ஒரு கை தூரத்தில் நிற்கிறவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அது ஏறக்குறைய 85ஐத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

காவடிக்காரரிடம் திரும்பி வருகிறேன். உற்சாகம் வேண்டும் என்றால் நாம் உடனே சத்தத்தைக் கூட்டுகிறோம். வேகத்தைக் கூட்டினால் போதும். மெதுவான பாட்டை முழுச் சத்தத்தில் வைப்பதைவிட, வேகமான குத்துப் பாட்டைப் பாதிச் சத்தத்தில் வைத்துப் பாருங்கள், கை தானாக ஓடும். இருதயத்தை ஓட்டத் தாளம் இருக்கிறது, காதை ஏன் வதைக்க வேண்டும்? இரைச்சலான வேலையில் மட்டும் இது செல்லாது. அங்கே காது அடைப்பானைத் தவிர வேறு எதுவும் காதில் இருக்கக் கூடாது. பாட்டு வேண்டுமானால் வாயால் பாடுங்கள், நம் முன்னோர் செய்ததுதான்.

மேளத்துக்குப் பக்கத்தில் நிற்பதிலும் ஒரு கணக்கு உண்டு. திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். 1 மீட்டரில் நிற்கிறவர் 4 மீட்டருக்குத் தள்ளிப்போனால் 12 டெசிபல் லாபம். மேளம் அதேதான், பக்தியும் அதேதான். தாய்மார்களுக்குச் சொல்கிறேன்: கைப்பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்பீக்கர் பெட்டி முன்னால் நிற்காதீர்கள். பிள்ளைக்குக் 'கொய்ங்' என்று கேட்டாலும் சொல்லத் தெரியாது, அழத்தான் தெரியும். கூட்டத்தில் நாம் அதைப் பசி என்று நினைத்துவிடுகிறோம்.

மனது கொந்தளிக்கிற நேரத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். மண்டோரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர் வானொலியை அலறவிடுகிறார். மனைவி அணைத்தால் சண்டை. 1940களில் அமெரிக்காவில் அல்ட்ஷுலர் என்ற வைத்தியர் மனநோயாளிகளுக்குப் பாட்டு வைத்துப் பார்த்தவர். அவர் கண்ட முறை, முதலில் நோயாளி இருக்கிற மனநிலைக்கு ஒத்த பாட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேறு பாட்டு. எரிந்துகொண்டிருக்கிறவனுக்கு எடுத்தவுடன் தாலாட்டு பாடினால் வேலைக்காகாது. இரண்டு வேகமான பாட்டு, பிறகு நடுத்தரமாக ஒன்று, அதற்குப் பிறகு மெதுவாக. ஒவ்வொரு பாட்டுக்கும் சத்தத்தை ஒரு பிடி இறக்குங்கள். இரவு ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குகிறவர்களுக்கும் இதே முறைதான். நானே செய்கிறேன், அவசரக் கேஸ் பார்த்துவிட்டு வந்த இரவுகளில் இது இல்லாமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

வேலையிடத்துச் சத்தத்துக்குச் சட்டமும் இருக்கிறது. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி ஒரு நாள் கணக்கு 85 டெசிபலைத் தாண்டினால் முதலாளி காதுப் பாதுகாப்பு கொடுத்து, ஆண்டுதோறும் காதுப் பரிசோதனையும் செய்ய வேண்டும். சிங்கப்பூரிலும் இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்கு ஆண்டுப் பரிசோதனை உண்டு. ஆலையிலும் புல் வெட்டிலும் இருப்பவர்கள், பரிசோதனை நடந்ததா என்று தொழிற்சங்கச் செயலாளரிடம் தெரிவியுங்கள். செலவு உங்களுடையது அல்ல.

அக்காள் மகனுக்குப் பரிசோதனை தைப்பூசத்துக்கு அடுத்த மாதம் நடந்தது. வயது 29. தாளில் கோடு நேராக வந்து, 4,000 ஹெர்ட்ஸ் என்ற இடத்தில் குழி விழுந்திருந்தது. சத்தத்தால் கெட்ட காது முதலில் அங்கேதான் கெடும். மேளம் கேட்கும், லோரி கேட்கும். 'ச', 'த' போன்ற மெல்லிய எழுத்துகளும், சின்னப் பிள்ளையின் கீச்சுக் குரலும்தான் முதலில் மங்கும். அவனுடைய மனைவி அதற்கு முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள்: "பின்னால இருந்து பாப்பா கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறாரு மாமா. அது அழுவுது. கோவமா இருக்காருன்னு நானும் நெனச்சேன்."

குழி இனி தூர்ந்துபோகாது என்று அவனிடம் நேராகவே சொல்லிவிட்டேன். ஆழமாகாமல் பார்த்துக்கொள்ளலாம். இப்போது பட்டறையில் இரண்டு பக்கமும் அடைப்பான். பஸ்ஸில் கைப்பேசியைப் பாதிக்கு மேல் கூட்டுவதில்லை. முதல் இரண்டு வாரம் பாட்டு சப்பென்று இருந்ததாம், பிறகு பழகிவிட்டதாம். போன ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது பாப்பாவைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தான். மனைவி சமையலறையிலிருந்து மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தாள். அவன் நாற்காலியைக் கதவுப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டான்.

காதில் இரைச்சல் ஒரு நாளுக்கு மேல் நின்றவர்களும், வீட்டில் மற்றவர்களைவிட வானொலியைக் கூடுதலாக வைக்கிறவர்களும் புதன்கிழமை மாலை 3 மணிக்கு மேல் டிஸ்பென்சரிக்கு வாருங்கள். காதைப் பார்த்து, வேண்டியிருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருகிறேன்.