2012ஆ, 2013ஆ? பல்லேபொலவில் ஒரு பழைய லீஃப் வாங்குமுன்

பல்லேபொலவிலிருந்து மாத்தளைக்கு ஏறக்குறைய 20 கிலோமீற்றர். அங்கிருந்து பலகடுவ ஏற்றம் ஏறி அலவத்துகொடை, அக்குறணை வழியாகக் கண்டிக்கு இன்னும் 26. கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய், அன்றைக்கே வீடு திரும்ப வேண்டும் என்றால் 90 கிலோமீற்றருக்கு மேல். மின்சாரக் கார் வாங்க நினைக்கும் நம் ஊர்க் குடும்பம் ஒன்று முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான். காரின் நிறம், ரிம், விற்பவர் சொல்லும் “ஒரே ஓனர்” கதை எல்லாம் அதற்குப் பிறகு.

இந்தக் கணக்குக்கு விடை, அந்தக் கார் எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதில் இருக்கிறது. பெற்றோல் காரில் ஓரிரு வருடம் முன்பின் என்றால் விலையில்தான் பெரும்பாலும் வித்தியாசம் தெரியும். மின்சாரக் காரில் ஒரே பெயர், ஒரே உருவம், ஒரே கதவுக் கைப்பிடி. உள்ளே வேறொரு வண்டி. நிசான் லீஃப் இதற்கு நல்ல உதாரணம். இலங்கையில் பழைய மின்சாரக் கார் என்று சொன்னாலே பலருக்கும் நினைவுக்கு வருவதும் அதுதான்.

2015 இல் வரி குறைவாக இருந்த காலத்தில் ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் லீஃப்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின. அந்த நவம்பர் பட்ஜெட்டில் வரி ஏறியது, வரவு படுத்துவிட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நின்றது. 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றவர்கள் லீஃப் வைத்திருந்தவர்களைப் பொறாமையோடு பார்த்தார்கள். ஆனால் அதே வருடம் மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டும் வந்தது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மறுபடி திறக்கும் வரை இருந்த கார்களே கைமாறிக் கொண்டிருந்தன. ஆகவே இன்று விற்பனைக்கு நிற்கும் பழைய லீஃப்களில் பெரும்பாலானவை 24 கிலோவாட் மணி பெட்டரிக் கார்கள். அவற்றிலும் எல்லாம் ஒன்றல்ல.

லீஃப் 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. ஏறக்குறைய இரண்டு வருடத்தில், 2012 நவம்பரில், ஜப்பானில் நிசான் அதை உள்ளுக்குள் பிரித்து மறுபடி அடுக்கியது. பின்பக்க டிக்கியில் இருந்த சார்ஜர் முன் பொனெட்டுக்குள் போனது. மோட்டர், இன்வேர்ட்டர், சார்ஜர் மூன்றும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. எடை 80 கிலோ குறைந்தது. மோட்டரில் டிஸ்புரோசியம் என்ற அருமண் உலோகத்தின் பாவனையை 40 சதவீதம் குறைத்தார்கள். முறுக்குவிசை 280 நியூட்டன் மீற்றரிலிருந்து 254 ஆக இறங்கியது. ஆனால் ஜப்பானியச் சோதனை முறையில் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் 200 இலிருந்து 228 கிலோமீற்றராக ஏறியது. பெட்டரியின் அளவு அதே 24 தான். இதில் எனக்குப் பிடித்தது, பலத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து தூரத்தை வாங்கிய அந்த முடிவு. பல்லேபொலக்காரனுக்கு வேண்டியதும் தூரம்தான்.

இந்த மாற்றம் நவம்பரில் வந்ததால் “2012 உற்பத்தி” என்ற சொல் மட்டும் போதாது. ஜனவரியில் செய்ததும் 2012, டிசம்பரில் செய்ததும் 2012. நம் ஊர் விளம்பரங்களில் பதிவு ஆண்டை முன்னால் போடும் பழக்கம் வேறு இருக்கிறது; 2015 இல் பதிந்த கார் 2012 இன் ஆரம்பத்தில் செய்ததாக இருக்கலாம். டிக்கியைத் திறந்து பாருங்கள். பின் இருக்கைக்குப் பின்னால் குறுக்கே ஒரு திட்டுப் போல மேடு இருந்தால் உள்ளே சார்ஜர் இருக்கிறது, அது முதல் ரகம். மேடு இல்லாமல் தரை ஆழமாக, ஒழுங்காக இருந்தால் பிந்தியது. சேசிஸ் இலக்கமும் இதையே சொல்லும்: இசட்-ஈ-சைபர் என்று தொடங்கினால் பழையது, அதற்கு முன்னால் ஒரு ‘ஏ’ இருந்தால் புதியது. சந்தேகம் தீராவிட்டால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடியில் தைத்திருக்கும் சின்னத் துணிச் சீட்டில் பெல்ட் செய்த காலம் அச்சாகியிருக்கும். திரையில் வரும் ஜப்பானிய எழுத்தை வாசிக்கத் தெரியாத நமக்கு இந்தச் சீட்டு பெரிய உதவி.

அடுத்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. லீஃபின் பெட்டரியைக் குளிர்விக்கக் காற்றாடியும் இல்லை, நீரும் இல்லை. 2012 இல் அமெரிக்காவின் அரிசோனாவில், ஃபீனிக்ஸ் வெயிலில், முதல் மாடல்களின் பெட்டரி வேகமாக இளைத்தபோது உரிமையாளர்கள் கொதித்தார்கள். 2015 மாடலுக்கு வெப்பம் தாங்கும் புதிய இரசாயனக் கலவையை நிசான் கொண்டு வந்தது. மாத்தளையின் வடக்குப் பக்கம் ஃபீனிக்ஸ் அல்ல. ஆனால் இங்கே வருடம் முழுவதும் வெக்கை, பெட்டரிக்கு ஆறுதல் தரும் பனிக்காலம் கிடையாது. இரண்டு கார்களும் ஒரே விலைக்கு நின்றால் நான் யோசிக்காமல் பிந்தியதை எடுப்பேன்.

டேஷ்போர்டின் வலப்பக்க ஓரத்தில் 12 சின்னக் கோடுகள். ‘பார்’ என்கிறார்கள். பெட்டரியின் ஆயுளைக் காட்டுவது அது. முதல் பார் விழும்போதே கொள்ளளவில் ஏறக்குறைய 15 சதவீதம் போயிருக்கும்; அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் 6 சதவீதத்துக்குச் சற்று மேல். 9 பாரில் நிற்கும் கார் என்றால் 72 சதவீதம் அளவில் மிச்சம். அமெரிக்கச் சோதனையில் புதிய 24 கிலோவாட் மணிக் காருக்கு 117 முதல் 135 கிலோமீற்றர் வரை கொடுத்தார்கள். அதில் 72 சதவீதம் 84 முதல் 97. கண்டி போய் வரும் 90 கிலோமீற்றரை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பலகடுவ இறக்கத்தில் கொஞ்சம் மின்சாரம் திரும்பப் பெட்டரிக்குள் வரும் என்பது உண்மை. ஏற்றத்தில் செலவழித்த முழுவதும் வராது.

பாரை மட்டும் நம்பவும் கூடாது. கணினியை ரீசெட் பண்ணி 12 பாரும் தெரிய வைத்து விற்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். சில வாரம் ஓடியதும் அவை ஒவ்வொன்றாக விழும். சின்ன புளூடூத் கருவியைக் காரில் செருகி, போனில் லீஃப் ஸ்பை செயலியைத் திறந்தால் 96 செல் சோடிகளின் வோல்ட்டேஜும் தனித்தனியாகத் தெரியும். ஒரு சோடி மட்டும் பள்ளத்தில் கிடந்தால், மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் கார் வழியில் நிற்கும். ரீகண்டிஷன் காருக்கு ஜப்பானில் கொடுத்த உத்தரவாதம் இங்கே கைகொடுக்காது என்பதால் இந்தப் பரிசோதனையை விடக்கூடாது.

2015 டிசம்பரில் ஜப்பானில் 30 கிலோவாட் மணி மாடல் வந்தது. நம்மைப் போலவே ஜப்பானியப் பழைய கார்களை வாங்கி ஓட்டும் நாடு நியூசிலாந்து. அங்கே ஃபிளிப் த ஃப்ளீட் என்ற குழு உரிமையாளர்களிடமிருந்து அளவுகளைச் சேர்த்து, இந்த 30 பழைய 24 ஐ விட வேகமாகத் தேய்வதாகத் தெரிகிறதே என்று 2018 இல் கேட்டது. ஆராய்ந்ததில், பெட்டரியை அளக்கும் மென்பொருள்தான் தப்பாகக் காட்டியது என்றது நிசான், திருத்தமும் வந்தது. 30 ஒன்று உங்களுக்குக் கிடைத்தால் அந்தத் திருத்தம் போடப்பட்டதா என்று கேளுங்கள். ஒரு கராஜ்காரருக்கு அதைப் பற்றித் தெரியவில்லை என்றால் வேறு கராஜுக்குப் போங்கள்.

2017 அக்டோபரில் உருவம் மாறி 40 வந்தது. மோட்டர் 80 கிலோவாட்டிலிருந்து 110 க்குப் போனது. 2019 ஜனவரியில் 62, மோட்டர் 160. அமெரிக்கச் சோதனையில் 40க்கு 243 கிலோமீற்றர், 62க்கு 364 வரை. பல்லேபொலவிலிருந்து கண்டிக்குப் போய்வர இவை தாராளம். நீண்ட பயணத்தில் மட்டும், வேகச் சார்ஜைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் பெட்டரி சூடாகி ஏறும் வேகம் விழுந்துவிடுவதாக ஆரம்ப 40 கார்களில் முறைப்பாடு எழுந்தது. 2018 இலேயே மென்பொருளில் அதைத் தளர்த்தினார்கள். குளிரூட்டும் நீர் கடைசியில் 2025 இல் அறிமுகமான மூன்றாம் தலைமுறையில்தான் வந்தது. அதோடு ப்ளக்கும் மாறியது: ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேகச் சார்ஜுக்குப் பழைய சாடெமோ ப்ளக் இல்லை.

புதிதாக இறக்குமதி செய்ய நினைப்பவருக்கு ஆண்டும் கிலோவாட்டும் வேறு விதமாகவும் முக்கியம். 2025 முதல் மின்சாரக் காருக்கான உற்பத்தி வரி மோட்டரின் வலுவையும் காரின் வயதையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. 100 கிலோவாட் என்ற கோட்டைத் தாண்டினால் வரி ஒரு படி ஏறும். அந்த வருடம் பிவைடி அட்டோ 3 கார்களைச் சுங்கம் தடுத்து வைத்து, மோட்டர் 100 தானா 150 ஆ என்று கேட்டதும், விவகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனதும் இதனால்தான்.

ஒரு யோசனை, பழைய லீஃப் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு. லீஃபின் அடிவயிற்றில் பெட்டரி உட்காரும் இடத்தின் அளவு அதிகம் மாறவில்லை. அதனால் நியூசிலாந்து போன்ற இடங்களில் 24 இன் இடத்தில் விபத்துக்குள்ளான காரின் 40 பெட்டரியை மாட்டி, இடையில் ஒரு சின்ன மின்னணுப் பாலம் வைத்து ஓட்டுகிறார்கள். இதைச் செய்ய உயர் வோல்ட்டேஜ் வேலை தெரிந்த கை வேண்டும். பெட்டரிக்குள் 400 வோல்ட்டுக்குக் கிட்ட நிற்கிறது. மாட்டித் தருகிறேன் என்பவரிடம் முன்பு மாட்டிய காரைக் காட்டச் சொல்லி, அதன் உரிமையாளரோடு பேசிவிட்டுப் பணம் கொடுங்கள்.