சுவர் தருவார் யார்?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? அருவியில் ஒரு குளியல், பிறகு நேரே புரோட்டாக் கடை. அருவிக்கரைக் கோவிலிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் சித்திர சபைக்குள் சென்று பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நடராசருக்குரிய ஐந்து சபைகள் என்று இந்து சகோதரர்கள் சொல்வதுண்டு. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் இரத்தினம். குற்றாலத்தில் மட்டும் சித்திரம். இங்கே அவர் சிலையாக அல்ல, சுவரில் தீட்டிய ஓவியமாகவே வணங்கப்படுகிறார். முன்னே தெப்பக்குளம், மேலே செப்புத் தகடு வேய்ந்த கூரை. உள்ளே நுழைந்ததும் கண் இருட்டுக்குப் பழகச் சிறிது நேரம் ஆகும். பழகிய பின் சுற்றுச்சுவர் முழுதும் உருவங்கள் எழுந்து வரும். மூலிகை வண்ணம் என்பார்கள். பொதுவாக இத்தகைய சுவரோவியங்களில் சுண்ணாம்புப் பூச்சின்மேல் காவிமண், மஞ்சள்மண், விளக்குக் கரி போன்றவற்றைக் குழைத்துத் தீட்டினார்கள். ஒரு கை செய்து முடிக்கும் வேலை அல்ல இது. பலர் வரைந்ததை ஒரே கூரையின்கீழ் வைப்பதை இன்று கூட்டு ஓவியக் கண்காட்சி என்கிறோம். அது நம் ஊருக்குப் புதிதல்ல.

ஆனால் அன்று சுவர் கொடுக்க ஆள் இருந்தது. சுவரோடு சோறும் கிடைத்திருக்க வேண்டும். பிற்காலத்து ஓவியர்கள் இவ்விரண்டையும் தாங்களே தேட வேண்டியதாயிற்று.

சங்கரன்கோவில் வழியாகப் போனால் வரும் கோவில்பட்டியையே எடுத்துக்கொள்வோம். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற கொண்டையராஜு (1898-1976) நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டிருந்தார். குழு கலைந்தபோது அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். சீடர்கள் சேர்ந்தார்கள். அவர்கள் வரைந்த படங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டர்களாக வீடுதோறும் தொங்கின. பல படங்களில் குருவின் பெயரும் சீடர் டி.எஸ். சுப்பையாவின் பெயரும் சேர்ந்தே இருக்கும். இப்படிப் பெயரைப் பகிர்ந்துகொள்வது கலைஞர்களிடையே அரிது. காலண்டர் படம்தானே என்று நாம் இளக்காரமாகப் பேசுவது சரியல்ல.

சென்னையில் வேறு வழி கண்டார்கள். ஓவியக் கல்லூரி முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் இளம் ஓவியர்கள் பாத்திக் துணியும் மற்றக் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். குடியிருப்பு, பட்டறை, காட்சிக்கூடம் எல்லாம் அங்கேயே. வயிற்றுப்பாட்டுக்குக் கைத்தொழில், மீதி நேரம் ஓவியம் என்று பிரித்துக்கொண்டதால் யாருடைய விருப்பத்துக்காகவும் தூரிகையை வளைக்க வேண்டியிருக்கவில்லை.

நம் தென்காசிப் பக்கத்து ஓவியர்களின் நிலை என்ன? கடைப் பலகை, சுவர் விளம்பரம், திருவிழாத் தட்டி எழுதிப் பிழைத்தவர்கள் பலர். ஃபிளெக்ஸ் வந்தபின் அந்த வேலை பெரும்பாலும் போயிற்று. நம் பங்குத் திருவிழா வளைவுகளிலும் ஃபிளெக்ஸ்தானே நிற்கிறது! அவர்களில் சிலர் இன்னும் வீட்டில் வரைகிறார்கள், காட்டத்தான் இடமில்லை.

கொடியேற்றம் முதல் தேர்ப்பவனி வரை பத்து நாளும் நம் பங்கு மண்டபத்துக்கு ஊரே வந்து போகிறது. அதன் ஒரு பக்கச் சுவரை எந்தச் சமயத்தவரானாலும் உள்ளூர் ஓவியர்களுக்கு விடலாம். ஆணியும் கயிறும் விளக்கும் நம் செலவு. ஒவ்வொரு படத்தின் கீழும் வரைந்தவர் பெயரோடு விலையையும் எழுதி வைக்க வேண்டும். முதல் படத்தைப் பங்குப் பேரவையே வாங்கட்டும்.