பள்ளிக்குள் வந்த திரைகள் – 9: முதல் திரையில் ஆறு தட்டல்

மலேசியப் பள்ளிகளுக்கு இணைய இணைப்பு வழங்கிய 1பெஸ்தாரிநெட் திட்டம் 2019 ஜூனில் முடிவுக்கு வந்ததும், பெருந்தொற்றுக் காலத்தில் செர்டிக் திட்டத்தின்வழி 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்குக் கருவிகள் வழங்கத் திட்டமிடப்பட்டதும் முந்தைய பகுதிகளில் சொல்லப்பட்டுவிட்டன. இந்த வாரத்திற்கு அறிவிக்கப்பட்ட பொருள் மின்கலங்களும் மின்னேற்ற அலமாரிகளும் ஆகும். எனினும் கருவி பெட்டியிலிருந்து வெளிவரும் முதல் சில நிமிடங்களை விளக்காமல் அங்கே செல்ல இயலாது.

ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்றை முதன்முறையாக இயக்கும்போது, மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வரவேற்புத் திரை தோன்றுகிறது. பெரும்பாலோர் உடனே அடுத்த திரைக்குச் சென்றுவிடும் இவ்விடத்தில், திரையின் ஒரே புள்ளியில் தொடர்ந்து ஆறு முறை தட்டினால், கருவி வழக்கமான கேள்விகளை விட்டுவிட்டுக் கேமராவைத் திறந்து, கியூஆர் குறியீடு ஒன்றைக் காட்டும்படி கேட்கிறது. 2016இல் வெளியான ஆண்ட்ராய்டு 7 பதிப்பிலிருந்து இருந்துவரும் இந்த வாயில், பெட்டியின் மீதோ உள்ளிருக்கும் கையேட்டிலோ பொதுவாகக் குறிப்பிடப்படுவதில்லை; ஆயினும் நாற்பது டேப்லெட்டுகளை ஒரே மாதிரியாக அமைக்க வேண்டிய ஆசிரியருக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி வேறில்லை. பதிப்பு 9க்கு முந்தைய கருவிகள், குறியீட்டைப் படிக்கும் மென்பொருளையே முதலில் இணையத்திலிருந்து இறக்க வேண்டியிருந்ததால், பழைய கருவிகளைக் கையாளும் பள்ளிகள் வைஃபை இணைப்பை முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டும்.

அந்தக் குறியீட்டுக்குள் இருப்பவை எளிய எழுத்துகளே. சாதன மேலாண்மை மென்பொருள் எது, அதை எங்கிருந்து இறக்குவது, இறங்கிய கோப்பு உண்மையானதா என்று சரிபார்க்கும் எண் எது என்பன அதில் அடங்குகின்றன. சாதன மேலாண்மை மென்பொருள் என்பது, தொழிலில் எம்டிஎம் எனப்படுவது, ஒரே மேசையிலிருந்து பல கருவிகளுக்குச் செயலிகளை அனுப்பவும், வேண்டாதவற்றைத் தடுக்கவும், தொலைந்த கருவியைப் பூட்டவும் உதவுவதாகும். வேண்டுமானால் பள்ளியின் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் அக்குறியீட்டிலேயே சேர்த்துவிடலாம்; அப்போது ஒவ்வொரு கருவியிலும் அவற்றைத் தட்டச்சு செய்யும் வேலை நீங்கிவிடுகிறது. ஆனால் அக்கடவுச்சொல் மறையாக்கம் செய்யப்படாமல் அப்படியே கிடப்பதால், குறியீட்டை அச்சிட்டுக் கணினி அறைச் சுவரில் ஒட்டிவைத்தால், கைப்பேசி வைத்திருக்கும் எவரும் அதைப் படித்துவிட முடியும். அமைப்பு வேலைக்கென்று தனி வைஃபை ஒன்றை ஏற்படுத்தி, வேலை முடிந்ததும் அதை நீக்கிவிடுவதே முறையாகும்.

முதல் திரைக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன் என்பதற்கான விடை, 2014இல் வெளியான ஆண்ட்ராய்டு 5 பதிப்பின் ஓர் ஏற்பாட்டில் இருக்கிறது. ஒரு கருவிக்குச் ‘சாதன உரிமையாளர்’ என்னும் தகுதியை ஒரேயொரு மேலாண்மை மென்பொருள் மட்டுமே பெற முடியும். பள்ளிகளும் நிறுவனங்களும் பின்பற்றும் வழிகளில், அத்தகுதியைத் தொடக்க அமைப்பு முடிவதற்குள் பெற்றாக வேண்டும். அதைத் தவறவிட்டுக் கருவியை வழக்கமான முறையில் அமைத்துவிட்டால், எல்லாவற்றையும் அழித்து ஆலைநிலைக்குத் திருப்பிய பிறகே மீண்டும் முயல இயலும். கல்வியமைச்சு 2020 ஜூனில் தொடங்கிய டெலிமா இணையவழிக் கற்றல் தளத்தின் கணக்கைக் கருவியில் பதிந்துவிட்டாலே அது பள்ளியின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும் என்று கருதப்படுவது இந்த இடத்தில்தான் பிழையாகிறது. டெலிமா கணக்கு மாணவர் யார் என்பதைக் கூறுகிறது. கருவி யாருடையது என்பதை அது தீர்மானிப்பதில்லை. மாணவருக்குரிய அடையாளத்தையும் கருவிக்குரிய உரிமையையும் பிரித்தறியாமல் வழங்கப்படும் டேப்லெட், கொடுத்த நாளிலேயே பள்ளியின் கையைவிட்டுப் போய்விடுகிறது.

இதற்கு உலகறிந்த சான்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பள்ளிகளில் கிடைத்தது. அந்நகரின் கல்வி மாவட்டம் தன் மாணவர் அனைவருக்கும் ஐபேட் வழங்கும் திட்டத்தை 2013இல் தொடங்கிய சில வாரங்களுக்குள், ரூஸ்வெல்ட் உயர்நிலைப் பள்ளி உள்ளிட்ட பள்ளிகளின் மாணவர்கள் சுமார் 300 பேர் தடைகளைக் கடந்துவிட்டனர். அவர்கள் எந்தக் கணினி வித்தையையும் கற்றிருக்கவில்லை. அமைப்புகள் பக்கத்திற்குச் சென்று, தடைகளைத் தாங்கியிருந்த மேலாண்மைச் சுயவிவரத்தை நீக்கினார்கள், அவ்வளவே. கருவிகளை வீட்டுக்குக் கொண்டுசெல்வது நிறுத்தப்பட்டது. 2014 ஆகஸ்டில் அந்த ஒப்பந்தமே கைவிடப்பட்டது. மாணவர்களின் ஒழுங்கீனமாகப் பலரும் பேசிய அந்நிகழ்வு, உண்மையில் பெரியவர்கள் செய்த அமைப்புக் குறையாகும். நீக்கக்கூடிய பூட்டைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு, நீக்கியதற்காகக் குழந்தையைக் குறைசொல்வது நியாயமாகாது. பயனர் நீக்க முடியாதபடி, முதல் இயக்கத்திலேயே தானாகப் பதிவாகும் ஏற்பாட்டை ஆப்பிள் நிறுவனம் 2014 பிப்ரவரியில் அறிமுகப்படுத்தியது. கூகுள் 2017இல் அதற்கு இணையாகக் கொண்டுவந்த ஏற்பாட்டில், விற்பனையாளரே கருவியின் எண்ணைப் பதிந்துவிடுவதால், ஆறு தட்டல்கூடத் தேவைப்படுவதில்லை. மாணவர் பொத்தான்களை அழுத்திக் கருவியை முழுமையாக அழித்தாலும், இணையத்தில் சேர்ந்தவுடன் அது மறுபடி பள்ளியிடமே வந்து பதிவாகிறது. ஆனால் இந்த வசதி அதற்கென அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்கும்போதுதான் கிடைக்கும் என்பதால், பள்ளி மேலாளர் வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் விலைப்புள்ளி கேட்கும் கடிதத்திலேயே இதை நிபந்தனையாக எழுதிவிட வேண்டும்.

எண்களைப் பதிவது என்று வரும்போது போர்ட் கிள்ளான் வாசகர்களுக்கு எடுத்துக்காட்டைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நோர்த்போர்ட்டிலும் வெஸ்ட்போர்ட்ஸிலும் அடுக்கப்பட்டிருக்கும் ஒவ்வொரு கொள்கலனின் கதவிலும், நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட அடையாளம் எழுதப்பட்டிருக்கிறது. முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளரைக் குறிக்கின்றன. எந்தக் கப்பல் ஏற்றினாலும், எந்த லாரி இழுத்தாலும் அந்த உரிமை மாறுவதில்லை. கடைசி இலக்கமோ, முன்னுள்ள பத்திலிருந்தும் கணக்கிட்டுப் பெறப்படும் சரிபார்ப்பு இலக்கமாகும். எழுதுபவர் ஓர் எண்ணைத் தவறாகக் குறித்தால் அது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். சிம் அட்டை ஏற்கும் டேப்லெட்டின் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணிலும் கடைசி இலக்கம் இதே பணியைச் செய்கிறது. வைஃபை மட்டுமே உள்ள டேப்லெட்டுக்கோ ஐஎம்இஐ கிடையாது. அதற்குள்ள வரிசை எண்ணில் எல்லோருக்கும் பொதுவான சரிபார்ப்பு முறையும் இல்லை. ஆகவே பள்ளிகள் பெரும்பாலும் வாங்கும் மலிவான வகையில்தான் பிழை கண்ணில் படாமல் நுழையும் வாய்ப்பு அதிகம். பூஜ்யத்தையும் ஆங்கில ‘ஓ’ எழுத்தையும் மாற்றிப் படித்தால், இல்லாத கருவி ஒன்று பதிவேட்டில் ஏறி, இருக்கும் கருவி ஒன்று வெளியே நின்றுவிடும். அதனால் வரிசை எண்ணைக் கையால் எழுதாமல், பெட்டியில் உள்ள பட்டைக் குறியீட்டைக் கருவியால் படித்தே பதிவேட்டில் சேர்க்க வேண்டும்.

ஒரே நாளில் அனைத்தையும் அமைத்து முடிக்க முனைவோர் இணைய வேகத்தையும் கணக்கிட வேண்டும். ஒன்றரை ஜிகாபைட் அளவுள்ள புதுப்பிப்பை 40 கருவிகளும் இறக்கினால் மொத்தம் 60 ஜிகாபைட் ஆகிறது. நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பு தடையின்றி முழு வேகத்தில் ஓடினாலும் அதற்கு 1 மணி 20 நிமிடம் பிடிக்கும். பத்துப் பத்தாகச் செய்வதே நலம்.

இவை அனைத்தையும் சரியாகச் செய்த பள்ளியும் தோற்றுவிடக்கூடிய ஓர் இடம் உண்டு. மேலாண்மை மென்பொருளின் தலைமைக் கணக்கு, பொறுப்பேற்ற ஆசிரியரின் சொந்த மின்னஞ்சலில் திறக்கப்பட்டிருந்தால், அவர் வேறு பள்ளிக்கு மாற்றலாகும் நாளில் திறவுகோலும் அவருடனேயே போய்விடுகிறது. கருவிகள் பள்ளியில் இருக்கும். அவற்றைத் திறக்கவோ, புதிய மாணவருக்கு மாற்றித் தரவோ எவராலும் முடியாது. தலைமைக் கணக்கு பள்ளியின் பெயரிலேயே திறக்கப்பட்டு, குறைந்தது இருவரிடம் அதன் அணுக்கம் இருக்க வேண்டும். அந்த இருவரில் ஒருவர் தலைமையாசிரியராக இருத்தல் வேண்டும்.

மின்கலம் ஏன் இரண்டாம் ஆண்டில் உப்புகிறது, விடுமுறைக் காலத்தில் டேப்லெட்டுகளை எந்த அளவு மின்னேற்றத்தில் அடுக்கிவைப்பது, ஒரே அலமாரியில் 40 கருவிகளுக்கு மின்னேற்றும்போது வெப்பம் எங்கே போகிறது என்னும் கேள்விகள் அடுத்த வாரம்.